இன்னும் ஒரு துவக்கு

துவக்குச் சேர்க்கிறவர்களிடம், எத்தனை இருந்தால் உங்களுக்குக் காணும் என்று கேட்டுப் பாருங்கள். எந்த நாட்டுக்காரரும் ஒரே பகிடியைத்தான் சொல்வார்: இப்போது இருப்பதைவிட ஒன்று கூட. முத்திரை சேர்ப்பவரும் இதையே சொல்வார், சேலை சேர்ப்பவரும் இதையே சொல்வார். ஆனால் அலுமாரியில் சேலை நிரம்பி வழிந்தால் அயலட்டைக்குப் பொறாமை வரலாம், பயம் வராது. ஒரு வீட்டில் துவக்குக் கூடினால் அடுத்த வீட்டுக்காரனுக்கும் ஒன்று வேண்டும்போல் இருக்கும். அவன் வாங்கியது தெரிந்ததும் முதல் வீட்டுக்காரன் தன்னுடையதை மறுபடி எண்ணத் தொடங்குவான்.

ஜெனீவாவில் சிறு ஆயுதங்களைக் கணக்கெடுக்கும் ஆய்வு நிறுவனம் ஒன்று 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் சாதாரண மக்களின் கையில் இருந்த துப்பாக்கிகள் ஏறத்தாழ 85 கோடியே 70 லட்சம். அதில் 39 கோடியே 30 லட்சம் அமெரிக்காவில். நூறு பேருக்கு நூற்றிருபது. அங்கே எல்லா வீட்டிலும் துவக்கு இல்லை என்பதுதான் விசித்திரம். ஹார்வர்ட், நோர்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் எடுத்த கணக்கில், வயதுவந்தோரில் நூற்றுக்கு மூன்று பேரிடம் அந்த நாட்டின் துவக்குகளில் பாதி இருந்தது. ஆளுக்குச் சராசரி பதினேழு.

பதினேழுக்கும் காரணம் வைத்திருப்பார்கள். நான் இளக்காரமாகச் சொல்லவில்லை, அந்தக் காரணங்கள் நியாயமானவைதான். தாரா சுட ஒன்று, மான் சுட ஒன்று, குறி பழகச் சின்னக் குண்டுத் துவக்கு ஒன்று, தாத்தா விட்டுப்போனது ஒன்று. பிறகு, இரவில் கதவு தட்டப்பட்டால் எடுக்கவென்று படுக்கைக்குப் பக்கத்தில் ஒன்று. முன்னைய நான்குக்கும் எங்கேயோ ஒரு கரை இருக்கிறது. வேட்டைக் காலம் முடியும், குறி பழகியவன் களைப்பான், தாத்தா ஒருவர்தான். கதவு தட்டுபவனுக்கு அப்படிக் கரை இல்லை. அவன் இன்னும் வரவில்லை. எத்தனை பேராய் வருவான், கையில் என்ன கொண்டு வருவான் என்பதும் தெரியாது. அவனை நினைத்து வாங்குகிறவன் கடைசித் துவக்கு எது என்று எப்படிச் சொல்வான்?

யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான எங்கள் புங்குடுதீவில் ஒரு காலத்தில் துவக்கு என்றால் லைசென்ஸ் துவக்குத்தான். 1916ஆம் ஆண்டின் சட்டத்தில் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய அனுமதி அது. ஊருக்குள் அங்கொன்று இங்கொன்றாக, வசதியான வீடுகளில் இருக்கும். எண்ணெய் போட்டு, துணி சுற்றி, அலுமாரி மூலையில் நிறுத்தி வைத்திருப்பார்கள். அதைக் கொண்டு செய்தது பெரும்பாலும் காகம் கலைப்பதும் கௌரவம் காட்டுவதும்தான். இரண்டாவது ஒன்று வாங்க வேண்டுமென்று அந்தப் பெரியவர்களில் யாருக்காவது தோன்றியதாக நான் கேள்விப்பட்டதில்லை. எண்பதுகளில் ஒரு இரவு இயக்கப் பொடியள் வாசலில் வந்து நின்று, "ஐயா, துவக்கைத் தாங்கோ" என்று மரியாதையாகக் கேட்டபோது, எடுத்துக் கொடுத்துவிட்டுப் படுத்தவர்கள் உண்டு. பொடியளுக்கு அது தொடக்கம். பெரியவருக்கு அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

நிறைவு என்பதைப் பற்றி மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்ட ஒருவர் இந்தத் துவக்குகள் வருமுன்பே எங்கள் ஊரில் இருந்தார். மு. தளையசிங்கம், 1935இல் பிறந்தவர். இலக்கியமும் வாழ்வும் பூரணத்தை நோக்கிப் போக வேண்டும் என்று ஓயாமல் எழுதியவர். நூல் ஒன்றுக்குப் 'போர்ப்பறை' என்று பெயரும் வைத்தார். ஆனால் அவர் இறங்கிய போர், கண்ணகி அம்மன் கோயில் நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட சனமும் தண்ணீர் அள்ள வேண்டும் என்ற சத்தியாக்கிரகம். 1971இல் அதற்காகப் பொலிசிடம் அடி வாங்கினார், மறியலுக்குப் போனார். 1973இல் முப்பத்தெட்டு வயதில் இறந்தார். உப்புத் தண்ணீர்த் தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு என்றால் என்ன என்பது வெளியூராருக்கு இலேசில் விளங்காது. தன் ஊரில் ஒருவனுக்கு ஒரு வாளி தண்ணீர் மறுக்கப்படுகிற மட்டும் தன்னிடம் எல்லாம் இருந்தும் ஒன்று குறைகிறது என்று நினைத்த மனிதர் அவர். நிறைவை அப்படி அளந்து பார்த்தவர்கள் எங்களிடம் அதிகமில்லை.

அவர் போய்ப் பன்னிரண்டு ஆண்டுகளில் கதவு தட்டுபவன் உண்மையாகவே வந்தான். 1985 மே 15, நெடுந்தீவிலிருந்து எங்கள் குறிகாட்டுவான் துறைக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகைக் கடலில் மறித்து, ஆண், பெண், கைக்குழந்தை என்று பாராமல் வெட்டிக் கொன்றார்கள். பயம் என்பது மனப்பிராந்தி என்று அதன் பிறகு தீவகத்தில் எவரும் யாருக்கும் புத்தி சொல்ல முடியாது. துவக்கு எடுத்த பொடியனைப் பார்த்து இது உனக்கு எதற்கு என்று கேட்கும் தகுதி, அந்தப் பிணங்களை இறக்கியவர்களுக்கு முன்னால் எனக்கும் இல்லை.

ஆனால் பயம் உண்மையானது என்பதற்காகக் கணக்கு முடிந்துவிடவில்லை. அதுதான் என்னை இத்தனை காலமும் அரித்துக்கொண்டிருப்பது. எதிரியிடம் என்ன இருக்கிறதோ அது எங்களிடமும் வேண்டும் என்று தொடங்கியது, அடுத்த இயக்கத்திடம் என்ன இருக்கிறதோ அதுவும் வேண்டும் என்று ஆனது. 1986 ஏப்ரல் இறுதியில் தமிழ்ப் பொடியள் தமிழ்ப் பொடியளைச் சுட்டார்கள். தோற்றவர்களின் துவக்குகள் வென்றவர்களின் கையிருப்பில் சேர்ந்தன. மறு ஆண்டு இந்திய - இலங்கை ஒப்பந்தம் வந்தது. ஆகஸ்ட் 4ஆம் திகதி சுதுமலையில் புலிகளின் தலைவர் பிரபாகரன் பேசினார். ஆயுதத்தை ஒப்படைப்பதென்றால் சனத்தின் பாதுகாப்புப் பொறுப்பையே இந்தியாவிடம் ஒப்படைப்பது என்பது அந்தப் பேச்சின் சாரம். அடுத்த நாள் பலாலியில் புலிகள் சார்பில் யோகி ஒரு கைத்துப்பாக்கியை மேசையில் வைத்தார். கொடுத்தது எவ்வளவு, வைத்துக்கொண்டது எவ்வளவு என்ற விசாரணை அன்றே தொடங்கிவிட்டது. ஒக்டோபர் 10ஆம் திகதி இந்தியப் படையோடு சண்டையும் தொடங்கியது. மேசையில் வைத்தது அத்தனையும்தான் என்றிருந்தால் யாராவது நம்பியிருப்பார்களா? நம்ப மாட்டார்கள். துவக்கு வைத்திருப்பவன் இவ்வளவுதான் என்று சொன்னால் அவனுடைய எதிரிக்கு அது குறைவாய்த் தெரியும், அவனுடைய நண்பனுக்கும் குறைவாய்த் தெரியும்.

சங்க காலத்திலும் இந்தக் கதை உண்டு. அதியமானின் தூதாகப் போன அவ்வையாரைத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலுக்குள் அழைத்துப் போகிறான். பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசி, காவலுக்கு ஆளும் வைத்த வேல்கள். ஒன்றும் குறையில்லை. அவ்வையார் பாராட்டுவதுபோல் பாராட்டிவிட்டு, எங்கள் அரசனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சொல்லி வருகிறார். பள்ளிக்கூடத்தில் இதை அதியமானின் வீரம் என்று படித்தோம். இப்போது படித்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. நிறைந்த கொட்டில், சண்டைக்குப் போகாதவனுடையது. சண்டைக்குப் போகிறவனின் கொட்டிலில் எப்போதும் ஏதோ ஒன்று பட்டறையில்தான் கிடக்கும். அதே அவ்வையார் பிறகு அதியமானின் மார்பில் வேல் பாய்ந்ததையும் பாட வேண்டி வந்தது.

சுவிஸில் இப்போது எங்கள் ஊர்ச் சனம் நிறைய. அங்கே பிறந்து, அந்த நாட்டுப் பிரஜையாகி, இராணுவப் பயிற்சிக்குப் போகும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் ரயிலில் சீருடையோடும் துவக்கோடும் வீட்டுக்கு வருவார்கள். அங்கே அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் உறவினர் ஒருவர், எல்லாவற்றையும் ஊரில் விட்டுவிட்டு ஓடியவர், பேரன் துவக்கைச் சுவரில் சாய்த்து வைத்ததைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பி நின்றுவிட்டார்.

"உது இஞ்சை எத்தனை நாளைக்கடா மோனை கிடக்கும்?"

"ஞாயிறு கொண்டுபோயிடுவன், அம்மப்பா."

"பிறகு?"

"சேவை முடியத் திருப்பிக் குடுக்கோணும். காசு கட்டினா வைச்சிருக்கலாம். எனக்கு என்னத்துக்கு?"

சேவை முடித்தவன் அனுமதி எடுத்து, சிறு தொகை கட்டித் தன் துவக்கைச் சொந்தமாக்கலாம் என்பது அந்த நாட்டு வழக்கம். இப்போது பெரும்பாலானவர்கள் அந்தப் பொடியனைப்போலத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்காகச் சுவிஸ்காரர் துவக்கை வெறுப்பவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இராணுவத் துவக்குகளை வீட்டில் வைக்காமல் களஞ்சியத்தில் பூட்ட வேண்டுமா என்று 2011 பெப்ரவரியில் வாக்கெடுத்தபோது 56 வீதத்தினர் வேண்டாம் என்றார்கள்.

அங்கே ஒருவகைச் சேகரிப்பாளர்கள் உண்டு. சுவிஸ் இராணுவம் பாவித்த துவக்குகளை மட்டும் தேடி எடுப்பார்கள்: 1869இன் வெட்டர்லி, 1889இன் ஷ்மிட்-ரூபின், 1911ஆம் ஆண்டு வடிவம், 1931இன் கே31, அதன் பிறகு 1957, 1990. வரிசை சிறியது, பொறுமையும் காசும் இருந்தால் முடிந்துவிடும். துவக்குச் சேர்ப்பவர்களில் என் சேகரம் நிறைந்துவிட்டது என்று மனதாரச் சொல்லக்கூடியவர்கள் இவர்கள்தான். (சொல்லிவிட்டுத் துவக்குமுனைக் கத்திகளைச் சேர்க்கத் தொடங்குவார்கள், அது வேறு.) அந்த வரிசை ஏன் நிறைகிறது? அந்தத் துவக்குகள் யாரையும் எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. பழைய கே31ஐ வைத்துக்கொண்டு கதவு தட்டுபவனை நினைப்பவர் எவருமில்லை. யாருக்காக அது செய்யப்பட்டதோ அந்த எதிரி வராமலே போய்விட்டான், தொழிற்சாலையும் அதைச் செய்வதை நிறுத்திவிட்டது. துவக்கு ஒரு சாமானாகிவிட்டால்தான் அதை எண்ணி முடிக்க முடியும். ஆயுதமாக இருக்கும்வரை அதன் எண்ணிக்கை எதிராளியின் கையில் இருக்கிறது.

கே31 வாங்கியவர்கள் முதலில் செய்யும் வேலை ஒன்றுண்டு. பின்கட்டையின் அடித்தகட்டைத் திருகாணி கழற்றிப் பார்ப்பார்கள். பல துவக்குகளில் அங்கே மடித்த சின்னக் கடதாசி இருக்கும். அதைச் சுமந்த சிப்பாயின் பெயர், படைப்பிரிவு, சிலதில் ஊரும் இருக்கும். அந்தக் கடதாசி கிடைத்தால் அவர்களுக்கு அது புதையல். குழலும் மரக்கட்டையும் கையில் வந்த பிறகும் மனம் தேடியது ஒரு ஆளைத்தான்.

எங்கள் துவக்குகளுக்குள் அப்படிக் கடதாசி கிடையாது. தூக்கியவர்களுக்குச் சொந்தப் பெயரும் இருக்கவில்லை. இயக்கப் பெயர் இருந்தது, கழுத்தில் இலக்கத் தகடு இருந்தது. ஆள் விழுந்தால் துவக்கை எடுத்துக்கொண்டு வர வேண்டும், அது அடுத்த கைக்குப் போகும். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் இரண்டு பக்கமும் பட்டியல் வெளியிட்டன. கைப்பற்றிய ரி-56 இத்தனை, ஆர்பிஜி இத்தனை, மகசின் இத்தனை, ரவை இத்தனை. காலையில் பேப்பரில் அதைப் படித்துவிட்டு, எங்களுடையது கூடியதா குறைந்ததா என்று கணக்குப் பார்த்தோம். பொய் சொல்லக் கூடாது, ஊரே பார்த்தது. 2009 மேயில் எல்லாம் முடிந்த பிறகு, பிடிபட்ட ஆயுதங்களையும் படகுகளையும் புதுக்குடியிருப்பில் காட்சிக்கு வைத்தார்கள். தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து பார்த்தார்கள். முழுச் சேகரமும் ஒருவழியாக வென்றவன் கையில்.

அதுவும் நிறையவில்லை. இன்னும் வன்னியில், புதைத்த ஆயுதம் இருப்பதாகத் தகவல் என்று சொல்லி, நீதிமன்ற அனுமதியோடு, பொலிசும் விசேட அதிரடிப் படையும் நிற்க, பெக்கோ கொண்டு தோண்டுகிறார்கள். பலமுறை ஒன்றும் கிடைப்பதில்லை. குழியை மூடிவிட்டு இன்னொரு தகவலுக்குக் காத்திருக்கிறார்கள். போர் முடிந்துவிட்டது என்று வென்றவனே முழுதாய் நம்பவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அந்தக் கடைசி நாட்களில் துவக்கைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு போனவர்களும், பெற்றவர்களும் துணைவியரும் கையால் பிடித்துக் கொண்டுபோய் ஒப்படைத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் திரும்பி வராதவர்களைத் தேடித் தாய்மார் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் போராட்டம் இருக்கத் தொடங்கினார்கள். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமல் போனோருக்கென்று ஓர் அலுவலகமும் உண்டாக்கப்பட்டிருந்தது. தாய்மார் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இராணுவத்திடம் சரணடைந்தவர்களின் பெயர்ப் பட்டியல். பட்டியல் போடத் தெரியாத நாடல்ல இது. எத்தனை ரி-56, எத்தனை மகசின், எத்தனை ரவை என்று அது எப்போதோ எழுதி வெளியிட்டுவிட்டது.