அடிவரை தெரிந்த ஓர் எந்திரம்

நான் மென்பொருள் ஆலோசகன். எங்கோ ஒரு தரவு மையத்தில் ஓடும் கணினிகளுக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. அந்தக் கணினிகளை நான் கண்ணால் பார்த்ததில்லை. அடுக்கின் மேல் அடுக்காக நிற்கும் அந்த அமைப்பை முழுக்கத் தெரிந்தவர் யாருமில்லை. தெரியாமலே வேலை நடக்கிறது. இப்படியே வருடங்கள் போனால் மனசுக்குள் ஒரு வெறுமை சேர்கிறது. அடிவரை தெரிந்த பொருள் ஒன்றாவது மனிதனுக்குக் கையருகே வேண்டும். எனக்கு அது 8085 என்ற மைக்ரோபிராசஸர்.

தமிழ்நாட்டில் பொறியியலோ பாலிடெக்னிக்கோ படித்தவர்களில் பலர் மைக்ரோபிராசஸர் லேபில் அதைத் தொட்டிருப்பார்கள். அது பொருத்திய பயிற்சிப் பலகைக்குத் திரை கிடையாது. சின்ன விசைப்பலகையும் சிவப்பாக எரியும் எண்களும்தான். 1970களில் இன்டெல் உருவாக்கிய அந்தச் சில்லுக்குக் கால்கள் 40, டிரான்சிஸ்டர்கள் ஏறத்தாழ 6,500. முகவரிக் கம்பிகள் 16 என்பதால் 65,536 நினைவக இடங்களோடு அதன் உலகம் முடிந்துவிடும். 80 என்று கொடுத்தால் பி என்ற பதிவகத்தில் இருப்பதை ஏ என்ற பதிவகத்தோடு கூட்டும். 76 என்றால் நிற்கும். பரீட்சைக்குப் படித்தபோது இதெல்லாம் வெறும் அட்டவணை. இப்போது ராத்திரி வேளையில் லாஜிக் புரோபால் ஒவ்வொரு காலாகத் தொட்டு, கட்டளை நினைவகத்திலிருந்து புறப்பட்டு விடையாக மாறும் வழியைத் தொடர்கிறேன். எந்த இடத்திலும் 'இதை நம்பிக்கொள்' என்று அது சொல்வதில்லை.

இந்த ஆசை எனக்கு வந்ததில் ஊருக்கும் பங்குண்டு. எங்கள் விம்கோ நகருக்குப் பெயர் கொடுத்ததே தீப்பெட்டித் தொழிற்சாலை. பக்கத்தில் திருவொற்றியூர் என்ஃபீல்டு, வடக்கே எண்ணூரில் அசோக் லேலண்ட். ஃபிட்டராகவும் டர்னராகவும் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. புல்லட் சத்தத்தைக் கேட்டே, "டேப்பெட்டைப் பாரு தம்பி" என்பார்கள். அந்த அறிவு தரும் நிமிர்வை என் தொழிலில் நான் அதிகம் கண்டதில்லை. பிரித்து மாட்டத் தெரிந்ததை யாரும் எளிதில் தூக்கிப் போடுவதில்லை. கணினியைத்தான் காயலான் கடையில் கிலோ கணக்கில் போடுகிறோம்.

பழைய 386, 486 கணினிகளின் பலகைகளையும் சீர்செய்கிறேன். இங்குள்ள உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும். அதைவிடக் கொடியது, கடிகாரம் ஓடுவதற்காகப் பலகையிலேயே பற்றவைத்த நிக்கல்-காட்மியம் பேட்டரி. அது ஒழுகினால் காரம் செம்புத் தடங்களைத் தின்றுவிடும். வெள்ளை வினிகரால் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி, அறுந்த தடத்துக்கு மெல்லிய கம்பி வைத்துப் பற்றவைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதற்கே போனாலும் எனக்கு வருத்தமில்லை.

அந்தக் கணினிகளுக்குள் தமிழும் இருக்கிறது. ஒரு காலத்தில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியாக்கம் வேறு. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு டாம், டாப் என்ற குறியாக்கத் தரங்களை வகுத்தது. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-ல். பழைய குறியாக்கங்களில் தட்டச்சு செய்த ஊர் வரலாறும் சங்க மலரும், உரிய எழுத்துரு இல்லாவிட்டால், பொருளற்ற குறிகளாகத்தான் திரையில் வரும்.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு கணினி இருந்தால் உடனே மின்சாரம் கொடுக்காதீர்கள். முதலில் அந்தப் பேட்டரியை எடுத்துவிடுங்கள். ஃபிளாப்பிகளைப் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து, கோப்புகளோடு எழுத்துருவையும் நகலெடுத்து வையுங்கள். கடைக்குப் போடுவதைப் பிறகு யோசிக்கலாம்.