ஓசையில்லாக் கதவுகள்

கூரம் என்றதும் வைணவ அன்பர்க்கு நினைவில் எழுவது ஒரு கதவின் ஓசை. காஞ்சிக்கு அருகிலுள்ள அவ்வூரில் பிறந்த கூரத்தாழ்வான் பெருஞ்செல்வர். விடிந்தது முதல் இரவு வரை வருவோர்க்கெல்லாம் அன்னமிட்டுவிட்டே தம் மாளிகைக் கதவைச் சாத்துவாராம். அந்த ஓசை காஞ்சிக் கோயில் வரை கேட்டது என்றும், அதை அறிந்த அவர் தம் செல்வத்தின் ஆரவாரத்துக்கு நாணி அனைத்தையும் துறந்து திருவரங்கம் சென்றார் என்றும் மரபு கூறும். அவர் நம் மறையினர் அல்லர். ஆயினும் பசித்து வந்தவனுக்கு அறிவுரை கூறாமல் முதலில் சோறிட்டவர் என்பதால், ஒரு கடினமான கேள்வியை அவருடைய வாசலிலிருந்து தொடங்குவது தகும்.

ஓசையே எழுப்பாத கதவுகளும் உண்டு. அவை நம் தலைக்குள் இருக்கின்றன.

மூளைக்குச் செல்லும் நுண்ணிய குருதிக் குழாய்களின் சுவர் மிக நெருக்கமாகப் பின்னப்பட்டது. குருதியில் வரும் பொருள்கள் பல அதை எளிதில் கடந்துவிட முடியாது. நாம் உண்ணும் புரதம் செரித்து அமினோ அமிலங்களாகிறது. அவற்றுள் சிலவற்றை உள்ளே கொண்டு சேர்ப்பதற்கென்றே அச்சுவரில் ஒரு கடத்திப் புரதம் பதிந்திருக்கிறது. 1998இல் ஜப்பானிய ஆய்வாளர் அதை இனங்கண்டு ‘லாட்-1’ எனப் பெயரிட்டனர். டிரிப்டோஃபேன், டைரோசின், லியூசின், ஐசோலியூசின், வேலின் ஆகிய பலவும் இந்த ஒரே வாயிலில் முண்டியடிக்கின்றன. வாயில் எப்போதும் ஏறக்குறைய நிறைந்தே இருப்பதால், ஒன்று மிகுந்தால் மற்றொன்று பின்தள்ளப்படுகிறது. டிரிப்டோஃபேனைக் கொண்டே மூளை செரடோனினை ஆக்குகிறது; உறக்கத்திலும் மனநிலையிலும் அதற்குப் பெரும் பங்குண்டு.

இது ஆய்வுக்கூடத்தோடு முடிந்துபோகும் செய்தியன்று. நடுக்குவாத நோய்க்குத் தரப்படும் லெவோடோபா மாத்திரையும் இதே வாயில் வழியாகத்தான் மூளைக்குள் செல்கிறது. பருப்பும் முட்டையும் இறைச்சியும் நிறைந்த உணவோடு அதை விழுங்கும் முதியவர் சிலருக்கு மருந்து வெளியே காத்து நின்றுவிடுகிறது, கால் எழுவதில்லை. ‘காலையில் நடந்தார், இப்போது வேண்டுமென்றே அடம்பிடிக்கிறார்’ என்று வீட்டார் சொல்வதுண்டு. மருத்துவரோ மாத்திரையின் நேரத்தை மாற்றிவிடுகிறார். அடம் என்று நாம் பெயரிட்டது எதுவென்று அப்போதுதான் தெரிகிறது.

நம் நாட்டிலேயே இதைவிட ஆழமான சான்று ஒன்று உண்டு. தக்காணத்தில் வெள்ளைச் சோளத்தையே மூன்று வேளையும் உண்டு வாழ்ந்த ஏழை உழைப்பாளரிடையே ‘பெல்லாக்ரா’ என்னும் நோய் பரவலாக இருந்தது. வெயில் படும் தோல் கருத்து உரியும், வயிறு போகும், உறக்கம் கெடும், எரிச்சலும் சோர்வும் வரும், முற்றினால் சித்தம் கலங்கும். இத்தாலியிலும் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் மக்காச்சோளத்தை உண்ட ஏழைகள் இதே நோயால் மனநோய் விடுதிகளில் அடைக்கப்பட்டனர். நயாசின் என்னும் வைட்டமினைக் கொடுத்தால் கலங்கிய மனம் சில நாட்களிலேயே தெளிவதை 1937க்குப் பின் உலகம் கண்டது. எத்தனை பேர் அதற்கு முன் பித்தர் என்ற பெயரோடு புதைக்கப்பட்டனரோ!

ஆனால் தக்காணத்தில் ஒரு புதிர் இருந்தது. வெள்ளைச் சோளத்தில் நயாசின் அரிசியைவிடக் குறைவன்று. பின் ஏன் அரிசி உண்டவருக்கு வராத நோய் சோளம் உண்டவருக்கு வந்தது? சேலத்தில் 1918இல் பிறந்து சென்னையில் மருத்துவம் பயின்ற சி. கோபாலனும் அவருடைய உடனாய்வாளர் எஸ். ஜி. ஸ்ரீகாந்தியாவும் ஐதராபாத்தில் ஆய்ந்து, 1960இல் ஒரு விடை தந்தனர்: சோளத்தில் லியூசின் மிகுதி, அந்த மிகுதியே கேடு. பின்னர் அதே நிலையத்தில் கமலா கிருஷ்ணசாமி போன்றோர், ஐசோலியூசின் கொடுத்தபோது நோயாளரின் மனச்சோர்வும் மூளையின் மின்னலைகளும் சீரடைந்ததைக் கண்டனர். வேறு நாட்டு ஆய்வாளர் சிலர் இந்த விளக்கத்தை முழுமையாக ஏற்கவில்லை. நோய் முழுவதற்கும் லியூசினே பொறுப்பு என்று கூறுவதற்கில்லை. எனினும், கூலிக்காரன் ஒருவனின் துயரம் அவன் தட்டிலிருந்த தானியத்தோடு பிணைந்திருந்தது என்பதில் ஐயமில்லை. மக்கள் சோளத்தை மட்டுமே நம்பி வாழும் நிலை குறைந்தபோது நோயும் அரிதாயிற்று.

அவன் ஏன் சோளம் உண்டான்? விருப்பத்தாலன்று. அவன் நிலத்தில் நீர் இல்லை. கையில் காசு இல்லை. மீண்டும் கூரத்தை நினைத்துப் பாருங்கள். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடுகள், பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால்வாய் வெட்டி அவ்வூர் ஏரியை நிரப்பியதைப் பேசுகின்றன. நீர் வந்த ஊரில் நெல் விளைந்தது. நெல் உண்டவன் நன்றாக உறங்கினான் என்றால் அது அவனுடைய புண்ணியமா, கால்வாயின் புண்ணியமா?

வாசகர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம்: ‘அப்படியானால் பாவம் என்பது வேதியியல்தானா? குடித்துவிட்டு மனைவியை அடிப்பவனும் தன் மூளையின் கதவைக் காட்டித் தப்பித்துக்கொள்வானே!’ அச்சம் நியாயமானது. அடிபட்டவளின் காயத்துக்கு நீதி வேண்டும். எந்தக் கடத்திப் புரதமும் அதைத் தள்ளுபடி செய்ய இயலாது. மேலும், ஒரு கதவு எதையும் தீர்மானிப்பதில்லை. பளுவைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது, அவ்வளவே. ஒருவன் பத்துக் கிலோவும் இன்னொருவன் ஐம்பது கிலோவும் சுமந்து ஒரே மேட்டில் ஏறுகிறார்கள். இருவரும் நடக்கத்தான் வேண்டும். ஆனால் பின்தங்கியவனைச் சோம்பேறி என்று சொல்ல, அவன் மூட்டையை நாம் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும்.

திருச்சபைக்கு இது புதிதன்று. ஆன்மா உடலுக்குள் குடியிருக்கும் அந்நியன் அன்று, உடலை உடலாக்கும் வடிவமே அது என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும், அச்சம், பழக்கம், உளவியல் காரணங்கள், சமூகக் காரணங்கள் முதலியன ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கவோ நீக்கவோ கூடும் என்கிறது. பொறுப்பு குறைகிறது என்றால் காற்றில் கரைந்துவிடுகிறது என்று பொருளன்று. பல வேளைகளில் அது இடம் மாறுகிறது: கூலியை நிர்ணயித்தவரிடம், தானியத்துக்கு விலை வைத்தவரிடம், நோயைக் குணக்கேடு என்று தீர்ப்பிட்ட அண்டை வீட்டாரிடம். நாம் விரும்பாத பகுதி இதுதான். மற்றவனுக்குச் சலுகை தருவது எளிது. அவன் தட்டை எட்டிப் பார்ப்பது கடினம்.

எல்லாவற்றையும் உணவால் திருத்திவிடலாம் என்ற மயக்கமும் வேண்டா. 2016இல் ஆஸ்திரியாவில் பணிபுரிந்த ஆய்வாளர் இதே லாட்-1 புரதம் பழுதுபட்ட குழந்தைகள் சிலரிடம் ஆட்டிசத்தைக் கண்டனர். மூளையின் எல்லைச்சுவரில் அப்புரதம் இல்லாத எலிகளின் மூளையில் லியூசினும் ஐசோலியூசினும் குறைந்திருந்தன. அவற்றை நேரே மூளைக்குள் செலுத்தியபோது குறைகள் சில சீரடைந்தன. தக்காணத்தில் மிகுதியால் கெடுத்த அதே லியூசின் இங்கே குறைவால் கெடுக்கிறது. இக்குழந்தைகளின் தாயிடம் ‘வளர்ப்பு சரியில்லை’ என்று சொல்லும் உறவினர் நம் பங்குகளிலும் உண்டு. ஞாயிறு திருப்பலியில் குழந்தை கத்தினால் திரும்பிப் பார்க்கும் அந்தப் பார்வையே போதும், அவள் மறுவாரம் வருவதில்லை.

அரசர் முதல் நூலில் எலியா கார்மேல் மலையில் வென்ற பின், ஈசபேலுக்கு அஞ்சிப் பாலைநிலத்துக்கு ஓடுகிறார். சூரைச்செடியின் அடியில் அமர்ந்து சாவை வேண்டுகிறார். இறைவாக்கினர் ஒருவர் நம்பிக்கை இழக்கலாமா என்று வானதூதர் கடிந்துகொள்ளவில்லை. அவரைத் தொட்டு எழுப்பி, சுட்ட அப்பத்தையும் தண்ணீரையும் காட்டினார். எலியா உண்டு மீண்டும் படுத்துக்கொண்டார். தூதர் இரண்டாம் முறையும் வந்து உணவே தந்தார். கடவுள் அவரிடம் கணக்குக் கேட்டது அதற்குப் பிறகு, நாற்பது நாள் நடந்து ஓரேபு மலையை அடைந்தபோதுதான்.