ஊழும் மருந்தும்

நாடோறும் நீறணிந்து ஐந்தெழுத்தோதி வந்த ஒரு தந்தைக்கு இரத்தப் புற்றுநோய் என்று மருத்துவர் கூறுவாராயின், அவ்வில்லத்தார் நெஞ்சில் முதற்கண் எழுவது, 'இவர்க்கு இஃது ஏன்?' என்னும் வினாவாம். அயலார் சிலர், 'அவரவர் செய்த வினை' என்று விடை பகர்ந்து செல்வர். சித்தாந்தத்தை இதனினும் கொடிதாகக் கையாளுதல் இயலாது. பிராரத்தம் உடலில் வந்தூட்டும் என்பது மெய்யே. ஆயின் அக்கொள்கை ஒருவன் தன் துன்பத்தைப் பொறுத்தற்கு உதவுவதன்றிப் பிறன் துன்பத்தின்மேல் தீர்ப்புக் கூறுதற்கு வந்ததன்று. இன்ன வினைக்கு இன்ன நோய் என அறிவோன், வினைப்பயனைக் கூட்டும் இறைவன் ஒருவனேயன்றோ?

இனி, 'ஊழாயின் நுகர்ந்தே தீரவேண்டும். மருந்தும் வேண்டுகோளும் எற்றுக்கு?' எனின், வட திருமுல்லைவாயிலை நோக்குக. அம்பத்தூர்க்கும் ஆவடிக்கும் இடைப்பட்ட அத்தலத்துக்குச் சுந்தரமூர்த்தி நாயனார் கண்ணிழந்து வந்தார். சங்கிலியார்க்குச் செய்த சூளுறவு தப்பித் திருவொற்றியூர் எல்லையைக் கடந்தமையே காரணம் என்பதை அவர் நன்கறிவார். அறிந்திருந்தும் துயர்களைய வேண்டிப் பாடினார். ஆதலின், வினையென்றறிதல் வேண்டுதலைத் தடுப்பதன்று. மற்றொன்றும் உண்டு, அதனை நம்மவர் எளிதிற் கடந்துவிடுகின்றனர். முல்லைவாயிலில் அவர்க்குக் கண் கிடைத்திலது. அடுத்து வெண்பாக்கத்திற் கிடைத்ததும் ஊன்றுகோலே. கச்சியில் ஒரு கண்ணும், ஆரூரில் மற்றைக் கண்ணும் பெற்றார். முல்லைவாயிலில் அவரன்பு குறைந்திருந்தது என்று கூறத் துணிவார் யார்?

அங்ஙனமே, நோய் தீராதொழியின் தம் பத்தி போதாதென்று மக்கள் நொந்துகொள்ளுதல் பொருந்தாது. மருந்தை விலக்குதலும் பத்தியன்று. இந்நோயில் வகை பல. ஒருவகைக்கு 2001-ஆம் ஆண்டு முதல் வழங்கும் மாத்திரையை நாடோறும் உட்கொண்டு பல்லாண்டு வாழ்வோர் பலர். மற்றொரு கொடிய வகையைப் பாடாணத்தினின்று ஆக்கிய மருந்து பெரும்பாலும் தீர்க்கின்றது. வேறு சிலவற்றுக்கு எலும்பு மச்சை மாற்றம் வேண்டும். உடன்பிறந்தார் ஒருவரது மச்சை முற்றும் பொருந்துதற்கு நான்கில் ஒரு வாய்ப்புண்டு. சென்னை அடையாற்றில் 1954-இல் தொடங்கிய புற்றுநோய் நிலையம், தம் தங்கையை அந்நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் துயரினின்று எழுந்ததே. ஊழென்று அவ்வம்மையார் வாளாவிருந்திலர். பரிகாரமென்று கைப்பொருளைக் கொட்டிவிட்டுப் பின் மருந்துக்குக் கடன் தேடும் இல்லங்களைக் காணுங்கால் மனம் வெதும்புகின்றது.

நோயின் பெயரைத் தந்தைக்கு மறைத்தல் தகுமோ? அறிவை மறைத்தல் ஆணவத்தின் தொழில் எனக் கூறும் நாம், அன்பின் பெயரால் ஓருயிரை இருளில் வைத்தல் முரணாகும். எவ்வளவு அறிய விரும்புகின்றார் என்பதை அவரையே வினவி, அவ்வளவில் இன்சொல்லாற் கூறுக.

மருந்தேற்றுங் காலத்து இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறையும். கூட்டத்திற் புகின் தொற்று எளிதிற் பற்றும். ஆதலின் மருத்துவர் கோயிற் செலவையும் தடுப்பர். நோயினும் இதற்கே கலங்கும் முதியோர் உளர். ஆவடிக்கு மேற்கே திருநின்றவூரில் பூசலார் நாயனார் பொருளின்மையால் நெஞ்சிலேயே கோயில் எடுத்தார். காடவர்கோன் கச்சியில் எடுத்த கற்றளிக்கு வகுத்த நன்னாளை மாற்றுவித்து, இறைவன் அம்மனக்கோயிலிற் புகுந்தான். அவ்வூர் இருதயாலீசர் கோயில் இன்றும் அதனை நினைவூட்டும். படுக்கையிலிருக்கும் தந்தைக்கு அவ்வரலாற்றை மகன் மாலைதோறும் படித்துக் காட்டலாம். அவர் விரும்பின், உடனிருந்து ஒவ்வொரு கல்லாக அடுக்கலாம்.