பதினேழு விலங்குகள், இரண்டு பூட்டுகள்

வாஜபேய யாகத்தில் பிரஜாபதிக்கு உரிய பலிவிலங்குகள் 17. பதினேழுக்கும் ஒரே சடங்குகள்தான். முதலில் உபாகரணம்: விலங்கைத் தொட்டு, இது தெய்வத்துக்கு உரியது என்று ஒதுக்குவது. பிறகு நியோஜனம்: யூபம் என்ற பலித்தூணில் கட்டுவது. அதற்கப்பால் மற்றவை. இதில் எந்த விலங்கிலிருந்து தொடங்குவது? வேதத்தில் விதி ஏதும் இல்லை. வேதச் சடங்குகளின் விதிகளை ஆராயும் மீமாம்சகர்கள் தயங்காமல் விடை தந்தார்கள்: எதிலிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். ஆனால் உபாகரணம் எந்த வரிசையில் நடந்ததோ, நியோஜனமும் அதற்குப் பிந்திய ஒவ்வொரு சடங்கும் அதே வரிசையில்தான் நடக்க வேண்டும்.

தொடங்கும்போது காரணமே இல்லாத ஒரு வரிசை, ஒருமுறை நடந்துவிட்டதும் மீறக்கூடாத விதியாகிவிடுகிறது. அந்த அதிகாரம் அதற்கு எங்கிருந்து வருகிறது? சடங்கைப் பற்றிய கேள்வியாகத் தொடங்கிய இது, இன்று மேகக் கணினிகளின் அடித்தளத்தில் ஓடும் லினக்ஸ் கர்னலிலும் வந்து நிற்கிறது. அங்கே விலங்குகளுக்குப் பதில் பூட்டுகள்.

ஜைமினியின் மீமாம்சா சூத்திரத்தில் 12 அத்தியாயங்கள். ஐந்தாவது அத்தியாயத்தின் பொருளே கிரமம், அதாவது செயல்களின் வரிசை. ஒரு வரிசையை எதைக்கொண்டு தீர்மானிப்பது என்பதற்கு மரபு ஆறு ஆதாரங்களைக் கணக்கிடுகிறது: சுருதி, அர்த்தம், பாடம், ஸ்தானம், முக்கியம், பிரவிருத்தி. ‘இதைச் செய்துவிட்டு அதைச் செய்’ என்று வேதமே நேராகச் சொன்னால் அது சுருதி. அக்கினிஹோத்திரம் செய்வதை முன்னும் கஞ்சி காய்ச்சுவதைப் பின்னும் வேதம் சொல்லியிருந்தாலும், ஆகுதிக்குக் கஞ்சி வேண்டுமென்பதால் காய்ச்சுவதே முதல் வேலை, அது அர்த்தம். வேறு குறிப்பு இல்லாதபோது வாக்கியங்கள் ஓதப்படும் வரிசையே செயலின் வரிசை, அது பாடம். பட்டியலில் கடைசியில் இருக்கிறது பிரவிருத்தி: எப்படித் தொடங்கினாயோ அப்படியே தொடர். இந்த ஆறில் முன்னது வலியது, பின்னது மெலியது. அர்த்தமும் பாடமும் மோதினால் அர்த்தம் வெல்லும். பாடமும் பிரவிருத்தியும் மோதினால் பாடம் வெல்லும்.

மெலியதாயினும் பிரவிருத்திக்கு மீமாம்சகர்கள் நியாயம் கற்பித்தார்கள். அந்த நியாயம் ஒரு கணக்கு. ஒரே வரிசையைக் காப்பாற்றினால், எந்த விலங்கை எடுத்தாலும் அதன் உபாகரணத்துக்கும் நியோஜனத்துக்கும் நடுவே சரியாக 16 செயல்கள் இருக்கும். வரிசையைத் திருப்பிப்போட்டால் கடைசி விலங்குக்கு இடைவெளியே இராது. முதல் விலங்கு 32 செயல்கள் காத்துக் கிடக்கும். பதினேழும் ஒரே தெய்வத்துக்கு, ஒன்றுசேர்ந்து செல்பவை. காத்திருப்பும் அவற்றுக்குச் சமமாக இருக்க வேண்டும்.

காத்திருப்பின் கணக்கு கணினியில் வேறுவிதமாக வரும். ஒரு தகவலை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே தொடும்படி காப்பது பூட்டு. ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு த்ரெட்கள், அதாவது நிரலின் இரண்டு ஓட்டங்கள். ஒன்று முதல் பூட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதற்குக் காத்திருக்கிறது. மற்றது இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு முதலாவதற்குக் காத்திருக்கிறது. இரண்டும் விடாது, இரண்டும் நகராது. இதுதான் டெட்லாக். 1971இல் காஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை, இந்த நிலை வர நான்கு நிபந்தனைகள் ஒருங்கே கூட வேண்டும் என்று வகுத்தது. நான்காவது நிபந்தனை வட்டக் காத்திருப்பு. அதை உடைக்கும் வழி அதற்கு முன்பே தெரிந்திருந்தது: எல்லாப் பூட்டுகளுக்கும் எண் கொடு, சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்கு மட்டுமே போ. வட்டம் மூட வேண்டுமானால் யாரோ ஒருவர் பெரிய எண்ணைப் பிடித்துக்கொண்டு சின்ன எண்ணுக்குக் காத்திருந்தாக வேண்டும். விதி தடுப்பது அதைத்தான். இந்த நிரூபணத்தில் எண்களைக் கொடுத்தது யார், எந்த முறையில் கொடுத்தார் என்ற பேச்சே இல்லை. எப்படிக் கொடுத்தாலும் நிரூபணம் நிற்கும்.

லினக்ஸ் கர்னலையே மெய்நிகர் இயந்திரங்களின் மேலாளராக மாற்றும் பகுதி கேவிஎம். 2007 பிப்ரவரியில் 2.6.20 பதிப்போடு வெளிவந்தது. அதன் ஆவணங்களில் பூட்டுகளுக்கென்றே ஒரு கோப்பு உண்டு. மொத்த இயந்திரத்துக்கும் உரிய விஎம் பூட்டு வெளியே, ஒவ்வொரு மெய்நிகர் செயலிக்கும் உரிய விசிபியு பூட்டு உள்ளே என்று அது வரிசை சொல்கிறது. விஎம் பூட்டைப் பிடித்தபின் விசிபியு பூட்டை எடுக்கலாம். விசிபியு பூட்டைப் பிடித்துக்கொண்டு விஎம் பூட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. இது முழுக்கத் தன்னிச்சையான வரிசை அல்ல, கொஞ்சம் அர்த்தமும் உண்டு. ஓர் இயந்திரத்தின் எல்லாச் செயலிகளையும் நிறுத்திவைக்க நினைப்பவர், நடுவில் புதுச் செயலி முளைக்காதபடி முதலில் இயந்திரத்தைப் பிடிப்பதே முறை.

மீறலுக்கான தூண்டுதல் அன்றாட வேலையிலேயே இருக்கிறது. ஒரு மெய்நிகர் செயலி ஓடிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் அதன் பூட்டு பிடிபட்டே இருக்கும். ஓடும்போது அது இயந்திரம் முழுமைக்கும் உரிய ஏதோ ஒரு தகவலைத் தொட வேண்டி வரும். கைக்கு எட்டும் பூட்டு விஎம் பூட்டு. எடுத்தால் வரிசை தலைகீழ். 2019இல் பவர்பிசி செயலிகளுக்கான பகுதியில் இந்தத் தவறு கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டது. ஆர்ம் செயலிகளுக்கான கேவிஎம் 2013இல் 3.9 பதிப்பில் கர்னலுக்குள் வந்தது. அங்கே தொடக்கத்திலிருந்தே வரிசை தலைகீழாகத்தான் இருந்தது என்று 2023இல் அதைத் திருத்தியபோது பதிவானது. ஒரு செயலி இன்னொரு செயலியை எழுப்பும்படி கேட்கும் சாதாரணக் கட்டளையே விசிபியு பூட்டுக்குள் நின்றுகொண்டு விஎம் பூட்டை எடுத்தது.

பத்தாண்டுகள். எப்படித் தெரியாமல் போயிற்று?

இங்கேதான் பிரவிருத்தி மறுபடி வருகிறது. 2006இல் இங்கோ மோல்னார் கர்னலுக்குள் கொண்டுவந்த லாக்டெப் என்ற சோதனைக் கருவி, எந்தப் பூட்டுக்குப் பின் எந்தப் பூட்டு எடுக்கப்படுகிறது என்பதைக் குறித்துக்கொண்டே வரும். டெட்லாக் நேரும்வரை அது காத்திருப்பதில்லை. முன்பு ஒரு வரிசையைப் பார்த்திருக்கிறது, இப்போது அதற்கு எதிரானதைப் பார்க்கிறது என்றால் போதும். இரண்டுக்கும் நடுவே மணிக்கணக்கில் இடைவெளி இருந்தாலும் எச்சரிக்கை எழுதிவிட்டுத் தன் சோதனையை நிறுத்திக்கொள்ளும். ஆனால் அது ஆவணத்தைப் படிப்பதில்லை. பாடம் அதற்குத் தெரியாது. எது முதலில் நடந்ததோ அதுதான் அதன் விதி. தவறான வரிசை முந்திக்கொண்டால், பின்னால் வரும் சரியான வரிசைதான் முரணாகத் தெரியும். சரியான வரிசை ஒருமுறையும் நடக்கவில்லை என்றால் முரணே இல்லை.

கேவிஎம்மில் நடந்தது அதுதான். விஎம் பூட்டுக்குள் நின்று விசிபியு பூட்டுக்குக் காத்திருக்கும் வேலைகள் மிக அரிது. ஏஎம்டியின் குறியாக்கப்பட்ட இயந்திரங்களை இடம் மாற்றுவது போன்ற ஒன்றிரண்டுதான். ஆர்ம் பகுதியிலோ, எல்லாச் செயலிகளின் பூட்டுகளையும் சேர்த்து எடுத்த இடம்கூடக் கிடைத்தால் எடுத்துக்கொள், இல்லையேல் திரும்பிவிடு என்ற முறையில் எழுதப்பட்டிருந்தது. காத்திருக்காதவன் வட்டத்தில் சேரமாட்டான் என்பதால் லாக்டெப் அதைக் கணக்கில் வைப்பதில்லை.

2023 ஜனவரியில் ஒரு நிரலாளர் இதற்குச் செய்த பரிகாரம் விசித்திரமானது. புது மெய்நிகர் செயலி உருவாகும் இடத்தில், விஎம் பூட்டைப் பிடித்திருக்கும்போதே, விசிபியு பூட்டை எடுத்து உடனே விட்டுவிடும் இரண்டு வரிகளைச் சேர்த்தார். நடுவில் ஒரு வேலையும் கிடையாது. எந்தத் தகவலையும் அது காக்கவில்லை. லாக்டெப் இயங்கும் கர்னலில் மட்டுமே அந்த வரிகள் உயிரோடு இருக்கும். மற்றக் கர்னல்களில் மறைந்துவிடும். சரியான வரிசையை ஒருமுறை நடத்திக் காட்டுவது, பார்ப்பவரை அறியச் செய்வது, அவ்வளவுதான் நோக்கம்.

இதைச் சடங்கு என்று சொன்னால் மிகையாகுமா? டச்சு நாட்டு இந்தியவியலாளர் ஃப்ரிட்ஸ் ஸ்டால் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். 1975இல் கேரளத்தின் பாஞ்ஞாளில் நம்பூதிரிகள் நடத்திய 12 நாள் அக்கினிசயனத்தை ஆவணப்படுத்தியவர். அதன்பின் 1979இல் அவர் வைத்த வாதம் பெரும் விவாதமாயிற்று: சடங்குக்குப் பொருள் என்று ஒன்று இல்லை, அது விதிகளால் ஆன செயல், விதிகள் வழுவாமல் நடப்பதே அதன் முழுமை. அந்த இரண்டு வரிகளைத் தனியே பிரித்துப் பார்த்தால் ஸ்டால் சொன்னது சரி. அவற்றில் பொருள் இல்லை. ஆனால் அதே கர்னலில் ஓடும், ஒன்றையொன்று அறியாத மற்ற த்ரெட்களோடு சேர்த்துப் பார்த்தால் நிலைமை மாறுகிறது. ஓரிடத்தில் வெறுமனே நடத்தப்பட்ட வரிசை, வேறோரிடத்தில் வேறொருவர் எழுதிய மீறலை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. பொருள் அந்தச் செயலுக்குள் இல்லை. எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்களா என்ற சோதனையில் இருக்கிறது.

அந்த நிரலாளரே அதே மாதம், எக்ஸ்86 பகுதியில் ஸென் மேலாளரைப் போலி செய்யும் நிரலில் இருந்த தலைகீழ் வரிசையையும் திருத்தினார். ஆர்ம் திருத்தம் அதே ஆண்டு வந்தது. பவர்பிசி, ஸென், ஆர்ம் மூன்றிலும் தீர்வு ஒரே சாயல்தான். விசிபியு பூட்டுக்குள் நின்றபடியே எடுக்கக்கூடிய, இன்னும் உள்ளே அமரும் சிறு பூட்டு ஒன்று புதிதாகப் படைக்கப்பட்டது. ஆவணத்தின் வரிசையைத் திருப்பி, நடைமுறையை விதியாக்கிவிடலாம் என்ற வழியை யாரும் எடுக்கவில்லை. பாடத்துக்கும் பிரவிருத்திக்கும் மோதல் வந்தது, பாடம் வென்றது.

மீமாம்சகருக்கு அந்த முடிவு எளிது. அவருக்கு வேதம் யாராலும் இயற்றப்படாதது; ஆசாரம் எத்தனை தலைமுறை நீடித்தாலும் வேதத்துக்கு முரணானால் செல்லாது. கர்னல் ஆவணமோ மனிதர்கள் எழுதியது, நாளையே ஒரு திருத்தத்தில் மாறக்கூடியது. அதற்கு ஏன் பணிய வேண்டும்? அந்தப் பாடம் மற்ற எதையும்விடச் சரியானது என்பதால் அல்ல. எல்லா இடங்களிலும் ஒரே நாளில் திருப்பிப்போட முடிந்தால் எதிர் வரிசையாலும் டெட்லாக் வராது. ஆனால் எல்லோரும் அறிய எழுதிவைக்கப்பட்ட வரிசை அது ஒன்றுதான். ஆர்ம் பகுதியின் பத்தாண்டுப் பழக்கத்துக்கு அந்தத் தகுதி இல்லை. அது ஒரு மூலையின் வழக்கம், மற்ற மூலைகள் அதை அறியவில்லை. பழக்கம் நீண்டதால் அதற்கு உரிமை கூடவில்லை, ஆபத்துத்தான் கூடியது. தீங்கு நேர்ந்ததா என்று கேட்டு அதை மன்னிக்கவும் முடியாது. சிக்கிக்கொள்ளாமல் தப்பியது, எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் காத்திருக்காமல் திரும்பிப் போனதால். நாளை ஒருவர் அங்கே காத்திருக்கும்படி ஒரு வரி எழுதினால், தவறே செய்யாத அவருடைய நிரலும் சேர்ந்து உறைந்து நிற்கும்.

ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது. மீமாம்சகரின் வரிசை 17 விலங்குகளுக்கும் சமமான காத்திருப்பைத் தந்தது. அதன் நியாயமே அந்தச் சமம்தான். பூட்டு வரிசை அப்படி எதையும் தருவதில்லை. யாரும் நிரந்தரமாகச் சிக்கமாட்டார்கள் என்பதோடு அதன் வாக்குறுதி முடிந்துவிடுகிறது. யார் எவ்வளவு நேரம் காத்திருப்பார், வெளிப்பூட்டை ஒருவரே திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டால் மற்றவர் கதி என்ன என்பதை அது கேட்பதே இல்லை. அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். வரிசை இருந்துவிட்டாலே நீதியும் இருக்கிறது என்று கொள்பவரிடம் மீமாம்சகர் தன் 16ஐ எண்ணிக் காட்டக்கூடும்.

இன்னும் சிக்கலான இடம், இரண்டு இயந்திரங்கள் நேர் எதிரே நிற்கும்போது. ஏஎம்டியின் குறியாக்க வசதியில், ஒரே கணினிக்குள் ஓர் இயந்திரத்தின் நிலையை இன்னோர் இயந்திரத்துக்கு மாற்றலாம். அதற்கு இரண்டு இயந்திரங்களின் விஎம் பூட்டும் வேண்டும். இரண்டும் ஒரே வகை, ஒரே தகுதி. ஆவணம் இதில் எது முன் என்று சொல்லவில்லை; நோக்கமும் சொல்லவில்லை. ஒருவர் முதலாவதிலிருந்து இரண்டாவதற்கும், இன்னொருவர் அதே நொடியில் இரண்டாவதிலிருந்து முதலாவதற்கும் மாற்ற முயன்றால் வட்டம் மூடிவிடும். நினைவக முகவரியில் சிறியது முதலில் என்று ஒரு தன்னிச்சை வரிசையை இங்கே வைத்திருக்கலாம். கர்னலின் வேறு பகுதிகளில் அந்த வழக்கம் உண்டு. கேவிஎம் அதைச் செய்யவில்லை. இரண்டு இயந்திரங்களின் மீதும் ‘மாற்றம் நடக்கிறது’ என்ற கொடியை நட முயல்கிறது. ஏதாவது ஒன்றில் முன்பே கொடி இருந்தால் தான் நட்டதையும் பிடுங்கிக்கொண்டு, வேலையில் இருக்கிறது என்ற பிழைச்செய்தியோடு திரும்பிவிடுகிறது.

சம வலிமையுள்ள இரண்டு விதிகள் மோதினால் எதையாவது ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம் என்று மீமாம்சையிலும் ஓர் இடம் உண்டு. அதன் பெயர் விகல்பம். நெல்லா வாற்கோதுமையா என்பது அதன் பழைய உதாரணம். மீமாம்சகர்கள் அதற்கு எட்டுக் குற்றங்கள் சாற்றி, வேறு வழி எதுவுமே இல்லாதபோது மட்டும் ஏற்றார்கள். தேர்ந்துகொள்ளும் பொறுப்பு யாகம் செய்பவருடையது. கேவிஎம்மிலும் அந்தப் பொறுப்பு கர்னலுக்கு வெளியே போகிறது: பிழைச்செய்தியைப் பெற்ற மேல்நிலை மென்பொருள்தான் மறுபடி முயல்வதா, விட்டுக்கொடுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கொடி நட முயன்றால் இரண்டுமே பிழையோடு திரும்பவும் கூடும்.