செயற்றிட்டமும் அறமும்: உடப்புப் பாடசாலை மாணவரை முன்னிறுத்திய ஒரு நோக்கு

சிலாபத்துக்கு வடக்கே, புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தில், ஒருபுறம் கடலும் மறுபுறம் முந்தற் களப்போடு தொடர்புற்ற நீர்ப்பரப்பும் சூழ அமைந்த தமிழூர் உடப்பு. இராமநாதபுரப் பகுதியிலிருந்து வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்கள் தாம் என்பது ஊரவரின் நம்பிக்கை. திரௌபதை அம்மன் ஆலயத்து ஆடி விழாவும் தீமிதிப்பும் இவ்வூரின் பெயரை இலங்கை முழுவதும் அறியச் செய்துள்ளன. கரைவலைத் தொழிலும், அவ்வலையை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல்களும் நாட்டார் வழக்காற்றில் ஈடுபாடுடையோரை இங்கு வரவழைத்துள்ளன. இத்தகைய ஊரின் இடைநிலை வகுப்பு மாணவருக்குச் செயற்றிட்ட முகாமைத்துவத்தின் அடிப்படைகளைக் கற்பிக்கலாமா என்ற வினா, மேலோட்டமாக நோக்குமிடத்துப் பாடவிதானம் பற்றிய வினாவாகவே தோன்றும். சற்று ஆழ்ந்து நோக்கின், அது அறம் பற்றிய வினாவாகவும் விரிவதைக் காணலாம்.

செயற்றிட்ட முகாமைத்துவம் என்னும் பெயர் பெரிதேயன்றி அதன் அடிப்படைகள் எளியவை. நோக்கத்தை வரையறுத்தல், அதனை அடைவதற்குரிய வேலைகளைப் பகுத்தல், எவ்வேலை முடிந்தபின் எவ்வேலை தொடங்கலாம் என ஒழுங்குபடுத்தல், காலத்தையும் பொருளையும் கணித்தல், பொறுப்பைப் பங்கிடுதல், நேரக்கூடிய இடர்களை முன்னுணர்தல், முடிவில் நடந்ததை மதிப்பிடுதல் என அவை அமையும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இவற்றுள் எதுவும் விளங்காததன்று. உடப்புப் பிள்ளைக்கோ இவற்றுட் பெரும்பாலானவை வீட்டு வாசலிலேயே நிகழ்பவை.

கரைவலையையே எடுத்துக் கொள்ளலாம். வலை முன்னரே செப்பஞ் செய்யப்பட்டிருக்க வேண்டும். கயிறு குறைவின்றி இருக்க வேண்டும். தோணிக்கு ஆள் வேண்டும். தோணி கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் விட்டுக் கடலினுட் சென்று, வலையை அரைவட்டமாக வளைத்துப் போட்டு, மறுநுனியைச் சற்றுத் தொலைவிற் கரை சேர்க்கின்றது. பின்னர் இரு பிரிவினர் இரு கயிறுகளையும் பற்றி இழுத்துக்கொண்டே ஒருவரையொருவர் நெருங்குகின்றனர். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணும். மற்றப் பக்கம் பிந்தினால் மீன் தப்பும். இருபுறத்து வேகத்தையும் ஒத்திசைய வைப்பது அம்பாவின் தாளம். மீன் நிறைந்த மடி இறுதியிலேயே கரையேறும். ஒன்றையொன்று சார்ந்த வேலைகளுள் மிக நீண்ட தொடரே முழுச் செயலின் காலத்தையும் நிர்ணயிக்கும் என்பது, 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் உருவான உய்யப் பாதை முறையின் சாரம். முதல்நாள் வலை பொத்துபவன் பிந்தினால் மறுநாள் தோணி கடலிறங்காது என்பதை அறிந்த பிள்ளைக்கு அச்சாரம் புதிதன்று.

அங்ஙனமாயின், அறிந்ததையே வேறு பெயராற் கற்பிப்பதனாற் பயன் யாது என்னும் ஆட்சேபம் எழுதல் இயல்பே. அறிதல் வேறு, அறிந்ததைப் பெயரிட்டு வேறிடத்துக்கு எடுத்துச் செல்ல வல்லமை பெறுதல் வேறு என்பது இதற்கு விடையாகலாம். வலை வளைப்பதில் தேர்ந்த ஊரார், தம்மூர் வாசிகசாலைக்கு ஒரு கட்டடம் வேண்டி அரச அலுவலகத்தில் விண்ணப்பிக்கும்போது தடுமாறுவரெனின், அவர்க்குத் திட்டமிடத் தெரியாது என்பது அதன் பொருளன்று. தம் திட்டத்தை எழுத்திலும் எண்ணிலும் பிறர்முன் வைக்கும் மொழியே அவர்க்குக் கிட்டவில்லை. அம்மொழி அதிகாரத்தின் மொழி. அதனைக் கடலோரத்துப் பிள்ளைக்கு மறுத்தல் நீதியாகாது.

ஆயின் இலங்கையின் கல்வி வரலாறு இவ்விடத்து ஓர் எச்சரிக்கையையும் தருகின்றது. 1930களிற் கண்டிக்கு அண்மையில் ஹந்தெஸ்ஸையைக் களமாகக்கொண்டு எழுந்த கிராமியக் கல்வித் திட்டம், பாடசாலையைக் கிராம வாழ்வோடு பிணைக்க முயன்றது. நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் ஆங்கிலக் கல்வி பெற்றோரின் பிள்ளைகள் உத்தியோகத்துக்குச் செல்ல, கிராமத்தான் பிள்ளையை மண்ணோடு கட்டிவைக்கும் சூழ்ச்சி இது என்னும் ஐயம் அதனைச் சூழ்ந்தது. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் கொணர்ந்த தொழின்முன்னிலைப் பாடநெறிக்கும் ஏறத்தாழ இதுவே நேர்ந்தது. மீன்பிடி உள்ளிட்ட உள்ளூர்த் தொழில்களை மாணவர் முறையாக ஆராய்ந்து கற்க வேண்டும் என்பது அப்பாடநெறியின் கருத்து. 1977இல் ஆட்சி மாற, அது கைவிடப்பட்டது. ஆட்சி மாற்றம் மட்டுமே காரணமன்று. மீனவன் மகனுக்கு மீன்பிடியை ஏன் பாடசாலை கற்பிக்க வேண்டும், அதனைத் தகப்பனே கற்பிக்கமாட்டானா என்று கேட்ட பெற்றோரின் வினாவுக்குக் கல்வியாளர் தக்க விடை கூறவில்லை. அவ்வினாவை அறியாமை என ஒதுக்கியோர் பலர். அது அறியாமையன்று, தம் பிள்ளையின் எதிர்காலத்தைப் பிறர் முன்கூட்டியே திட்டமிடுகின்றனர் என்பதை உணர்ந்தோரின் கூர்மை.

ஆகவே முதல் அறவினா இதுவாகின்றது: நோக்கத்தை வகுப்பவர் யார்? அமெரிக்கக் கல்வியாளர் கில்பற்றிக், செயற்றிட்ட முறை பற்றி 1918இல் எழுதிய கட்டுரையில், முழுமனத்தோடு நோக்கமறிந்து சமூகச் சூழலிற் செய்யப்படும் செயலையே கல்விக்குரிய செயற்றிட்டமாகக் கொண்டார். நோக்கங்கொள்ளல், திட்டமிடல், நிறைவேற்றல், மதிப்பிடல் என அவர் வகுத்த படிகளுள் முதலாவதும் பிள்ளைக்கு உரியதே. நடைமுறையிலோ முதற்படியை ஆசிரியர் எடுத்துக்கொள்ள, எஞ்சிய படிகளே மாணவர்க்கு விடப்படுகின்றன. பிறர் வகுத்த நோக்கத்தைக் குறித்த நாளில் முடித்துக் கொடுக்கும் பயிற்சி திறமையை வளர்க்கலாம். ஆனால் அத்திறமை யார் கையிலும் கருவியாகும்.

இது வெறும் அச்சமன்று. செயற்றிட்ட முகாமைத்துவத்தின் புகழ்பெற்ற நுட்பங்களுள் ஒன்றான பேர்ட் முறை, 1958இல் அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கப்பட்டது. நீர்மூழ்கியிலிருந்து அணுகுண்டு ஏவுதற்கு வழிவகுத்த அதே வரைபடம் மருத்துவமனை கட்டவும் உதவும். முறைக்கு நோக்கத்தைப் பற்றிய கவலை இல்லை. கவலைப்பட வேண்டியவன் மனிதன். திருக்குறளில், பரிமேலழகர் உரைவழி வரும் அதிகார முறைப்படி, வினைத்தூய்மை 66ஆவதாகவும் வினைத்திட்பம் 67ஆவதாகவும் வினைசெயல்வகை 68ஆவதாகவும் நிற்கின்றன. செய்யத்தக்கதா என்னும் வினா முதலில். செய்து முடிக்கும் உறுதி அடுத்து. செய்யும் வகை அதன் பின்னரே. முகாமைத்துவ நூல்கள் பெரும்பாலும் 68இல் தொடங்குகின்றன. பாடசாலை 66இல் தொடங்குதல் தகும்.

இரண்டாவது அறவினா இதனினும் கடினமானது. திட்டம் தவறினால் இழப்பு யாருக்கு? முகாமைத்துவப் பாடத்தில் இடர் என்பது திட்டத்துக்கு நேரும் இடரையே குறிக்கும்: காலந் தாழ்தல், செலவு மிகுதல், பொருள் கிட்டாமை. திட்டத்தால் மனிதர்க்கு நேரும் இடருக்கு அங்கே பெரும்பாலும் தனி நிரல் இல்லை. கரைவலையிலோ இது மறைக்க முடியாதவாறு வெளிப்படுகின்றது. பங்கிடும் முறை ஊருக்கு ஊர் வேறுபடினும், செலவு கழித்து எஞ்சியது வலையுடையோருக்கும் உழைத்தோருக்குமாகப் பிரிக்கப்படுதல் பொது வழக்கு. மீன் பட்டால் எல்லோர்க்கும் பங்கு. படாவிட்டால் காலை முழுதும் கயிறிழுத்தவன் வெறுங்கையோடு வீடு செல்கின்றான். எவ்விடத்தில், எந்நேரத்தில் வலையை வளைப்பது என்ற முடிவில் அவனுக்கு இடமிருந்ததா? பெரும்பாலும் இல்லை. முடிவெடுத்தவருக்கும் இழப்பு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. வலை கிழியும், கயிறு தேயும், முற்பணம் கொடுத்த பணம் முடங்கும். ஆயினும் முதலை இழப்பதும் அன்றைய உலையை இழப்பதும் ஒன்றாகா. அடுத்த வளைப்புவரை ஒருவரால் பொறுக்க முடியும், மற்றவரால் முடியாது.

பங்கு முறையிற் பெருமைக்குரிய ஒன்றும் உண்டு. இழுத்தவன் எவனாயினும் அவனுக்கு அதில் உரிமை உண்டு என்பதை அது ஏற்கின்றது. கூலியாள், செலவுக் கணக்கில் வரும் ஓர் எண், பங்காளி அவ்வாறல்லன். உடப்புச் சிறுவன் தந்தையிடம் கற்ற இவ்வேறுபாட்டை, பாடசாலையில் மனித வளம் என்னும் தொடரைக் கற்றதும் மறந்துவிடுவானாயின், அக்கல்வி அவனிடமிருந்து ஒன்றைப் பறித்ததாகவே கருதப்படும். வளம் என்பது அகழ்ந்தெடுத்துப் பயன்படுத்தப்படும் பொருள். மனிதரை அச்சொல்லாற் சுட்டத் தயங்காத காலம் இது என்பதற்காக, பாடசாலையும் தயங்காதிருக்க வேண்டும் என்பதில்லை.

இதனை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். 10ஆம் தரத்து மாணவர், ஊரில் வழங்கும் அம்பாப் பாடல்களைத் திரட்டி ஒரு சிறு தொகுப்பாக்க முடிவுசெய்கின்றனர் என வைத்துக்கொள்ளலாம். இயந்திரப் படகும் மாறிவரும் தொழில்முறையும் பாடலின் தேவையைக் குறைத்துவரும் காலத்தில், நோக்கம் தக்கதே. ஒரு குழு பாடகர்களைத் தேடுகின்றது, ஒன்று ஒலிப்பதிவு செய்கின்றது, ஒன்று எழுத்தாக்குகின்றது. ஆறு வாரம் எனக் காலக்கோடு வரையப்படுகின்றது. இரண்டாம் வாரத்திலேயே ஒரு முதியவர், கயிறு கையில் இல்லாமல் பாட்டு வராது என்கின்றார். வேறொருவர், பிள்ளைகள் முன் பாடத்தகாத அடிகள் உள்ளன எனத் தயங்குகின்றார். மூன்றாமவர் நோயுற்றுக் கிடக்கின்றார். அவருக்கே பாடல்கள் மிகுதியாகத் தெரியும்.

இப்போது மாணவர் செய்யத்தக்கது யாது? காலக்கோட்டைக் காக்கும் பொருட்டு நோயாளியின் படுக்கையருகே ஒலிப்பதிவுக் கருவியோடு அமர்தல் ஒரு வழி. காத்திருத்தல் மற்றொரு வழி. காத்திருப்பின் பாடல் என்றைக்குமே இழக்கப்படலாம். இரண்டும் எளிதன்று. பாடலைக் காப்பாற்றுவதும் அறமே. பாடுபவரின் இளைப்பை மதிப்பதும் அறமே. எந்த வரைபடமும் இதற்கு விடை தராது. ஆனால் வரைபடம் இருந்தமையாலேயே இவ்வினா உரிய நேரத்தில் எழுந்தது என்பதையும் கூறியாக வேண்டும். திட்டமின்றிச் சென்றிருப்பின், அவர் இறந்த பின்னரே அவர் பெயர் நினைவுக்கு வந்திருக்கும். திட்டமிடலின் சார்பில் கூறத்தக்க வலுவான வாதம் இதுவே. அக்கறை என்பது உணர்ச்சி மட்டுமன்று. யாரை முதலிற் சென்று காண வேண்டும் என்று முன்னரே எண்ணிப் பார்ப்பதும் அக்கறையின் ஒரு வடிவமே. முதியவரை அவர் விரும்பும் வேளையிற் சென்று கண்டு, பாட இயலுமா என அவரையே கேட்டு, இயலாதெனின் பேசிவிட்டு மட்டும் திரும்பும் மாணவன், திட்டத்தையும் மனிதரையும் ஒருங்கே கற்றவனாவான்.

அவ்வாறு திரும்பியவனுக்குப் புள்ளி எத்தனை என்பது ஆசிரியரின் சங்கடம். 1990களின் பிற்பகுதியில் வந்த கல்விச் சீர்திருத்தத்தின் பின் பாடசாலைமட்டக் கணிப்பீடும் மாணவர் செயற்றிட்டங்களும் இலங்கைப் பாடசாலைகளில் இடம்பெறலாயின. முடிந்த பொருளுக்கே புள்ளி என்றாகிவிட்டால், கடைசி இரவில் பெற்றோரோ அண்ணனோ செய்து கொடுத்த அட்டைப் பெட்டிகள் மேசையில் நிறையும் என்பது எப்பாடசாலையும் அறிந்த செய்தி. அது பிள்ளையின் குறையன்று. முடிவை மட்டும் வாங்கும் சந்தையில் முடிவு மட்டுமே விற்கப்படும். ஏன் முடிக்கவில்லை, எப்போது நிறுத்த முடிவெடுத்தனர், யாரைக் கேட்டனர் என்பவற்றை எழுதிவைத்த ஒரு கொப்பிக்கு, அழகிய தொகுப்புக்குரிய அதே புள்ளியை வழங்கும் துணிவு ஆசிரியருக்கு வேண்டும். வெறுமையாகக் கரையேறிய மடியைப் பார்த்து எவரும் இழுத்தவனைச் சோம்பேறி என்பதில்லை. அந்நியாயம் கடற்கரையில் உண்டு, வகுப்பறையில் அரிது.

எத்தவணையில் இதனைத் தொடங்குவது என்பதும் சிறிய வினாவன்று. வாடைக்காலத்தில் மேற்குக்கரைக் கடல் அமைதியுற, கரைவலை மும்முரமடையும். உதவிக்குச் செல்லும் பிள்ளைகளின் வரவு குறையும். பரீட்சைகளும் பெரும்பாலும் ஆண்டின் அப்பகுதியிலேயே நெருங்கும். சோளகம் வீசத் தொடங்கியதும் கடல் கொந்தளிக்கும். மேற்குக்கரை மீனவர் பலர் அப்பருவத்தில் கிழக்குக் கரையில் வாடியமைத்துத் தொழில் செய்யச் செல்வது நெடுநாள் வழக்கு. செல்ல வலுவற்ற முதியோர் ஊரிலேயே தங்குவர். பழைய அம்பாக்களை அறிந்தோரும் பெரும்பாலும் அவர்களே. இயல்பான பாடசாலையாண்டில் இரண்டாந் தவணை அப்போதுதான் நடைபெறும். ஆடி விழாவுக்கு இன்னுஞ் சில கிழமைகள் இருக்கும்.