கல்மரம்

வானூரை அடுத்த திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை என்று கணக்குச் சொல்கிறார்கள். அந்தப் பக்கத்தில்தான் என் அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊர். அங்கே என் மாமாவுக்குக் 'கல்மரம்' என்று பெயர். நேரில் யாரும் சொல்லமாட்டார்கள்.

அத்தை இறந்த அன்று அந்தப் பெயர் ஊர்ஜிதமாயிற்று. பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். மாமா பந்தல்காரனிடம் கூலி பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "பஸ்ஸு கெடைச்சுதா மாப்ள? திண்டிவனத்துல மாறுனியா?" என்று விசாரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 35 ஆண்டுகள் கூட வாழ்ந்தவள் கூடத்தில் கிடக்கிறாள். இந்த மனிதருக்குப் பஸ் கவலை!

ஊர் திரும்பியதும் ஒரு கதை எழுதினேன். மனைவியின் பிணத்தருகே கணக்குப் பார்க்கும் ஈரமற்ற மனிதன் ஒருவனைப் பற்றிய கதை. வாசகர்கள் அவனை வாயாரத் திட்டிக் கடிதம் எழுதினார்கள். எனக்கு வெகு திருப்தி.

அடுத்த ஆண்டு மாமா நெஞ்சுவலி என்று என் வீட்டுக்கு வந்தார். எல்லாச் சோதனையும் செய்தாயிற்று. கோளாறு எதுவும் இல்லை. "மனத்தில் ஏதாவது துக்கம் உண்டா?" என்று டாக்டர் கேட்டார்.

"அதெல்லாம் தெரியலீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுது. இங்க ஒரு பாறாங்கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு."

"எப்போதிலிருந்து?"

"அவ போன ஆடியிலேருந்து."

மாதத்தைப் பிசகாமல் சொன்னார். ஆனால் அந்தக் கல்லுக்கும் அந்த ஆடிக்கும் சம்பந்தம் உண்டு என்பது அவருக்குத் தெரியவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

டாக்டர் என்னைத் தனியே அழைத்து, "இப்படி இருக்கலாம்" என்று ஒரு பெயர் சொன்னார்: அலெக்ஸிதைமியா. பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் 1973-இல் கிரேக்கச் சொற்களைக் கொண்டு ஆக்கிய பெயர் அது. உணர்ச்சிக்குச் சொல் இல்லாமை என்று பொருள். இது ஒரு நோயல்ல, சுபாவம். நூற்றுக்குப் பத்துப் பேரிடமாவது காணப்படுகிறதாம். துக்கம் வந்து நிற்கும். அதைத் துக்கம் என்று இனம் காண மட்டும் முடியாது.

பிறர் முகத்தைப் படிப்பதிலும் இவர்களுக்குத் தடுமாற்றம் உண்டு. ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2003-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கோபமும் சோகமும் மகிழ்ச்சியும் காட்டும் முகப் படங்களைக் காட்டி, மூளையில் ஓடும் இரத்தத்தை அளந்தார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால், இவர்களுக்கு வலப்பக்க மூளையின் சில பகுதிகளில் ஓட்டம் குறைந்திருந்தது. இடப்பக்கத்தில் சில இடங்களில் மிகுந்திருந்தது. ஆகவே குறை கண்ணில் இல்லை. மூளையில் இன்சுலா என்று ஒரு மடிப்பு உண்டு. நெஞ்சின் படபடப்பையும் வயிற்றின் கலக்கத்தையும் நமக்கு அறிவிப்பதில் அதற்குப் பெரும் பங்கு. பிறர் முகத்துக் கலக்கத்தை அறியவும் அதே ஏடுதான் துணை என்கிறார்கள். தன் ஏட்டைப் படிக்கத் தெரியாதவன் அடுத்தவன் ஏட்டை எப்படிப் படிப்பான்? ஆட்டிசம் உள்ளவர்கள் முகக்குறிப்பை அறியாததற்குங்கூட, ஆட்டிசத்தைவிட இந்தச் சொல்லின்மையே காரணம் என்று 2013-இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வு ஒன்று கண்டது.

நம்மவர்களுக்கு முகம் படிப்பது பெரிய கலை. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். வள்ளுவரோ குறிப்பறிதல் என்று பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்றாக இரண்டு அதிகாரம் வைத்தார். குறிப்பை உணராத கண்ணால் என்ன பயன் என்றும் கேட்டுவிட்டார். வள்ளுவரோடு வழக்காட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் அது திறமையின் குறைதானே, குணத்தின் குறையா? என்னைப் போன்ற கதைக்காரர்கள் 'அவன் முகம் கறுத்தது' என்று எழுதியே காலம் தள்ளுகிறோம். முகம் கறுக்காதவனுக்கு நெஞ்சே இல்லை என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம்.

இப்படிச் சொல்லி மாமாவை விடுதலை செய்துவிட்டால், அத்தைக்கு யார் பதில் சொல்வது? அவள் ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "மூணு நாளு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தாலும் உங்க மாமாவுக்குத் தெரியாதுடா. நாலாம் நாளு தலைவலியான்னு கேட்டு மாத்திரை எடுத்தாருவாரு."

"வாயைத் திறந்து சொல்லிடேன் அத்தை."

"சொல்லித்தான் தெரியணும்னா அப்புறம் என்னடா புருஷன்?"

நம் வீடுகளில் பாதிக் கண்ணீர் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. கண்டும் காணாததுபோல் இருப்பவனைக் குற்றவாளி என்னலாம். காண இயலாதவனை எப்படிச் சொல்வது? மாத்திரையோடு வந்து நின்றவரிடம் "தலைவலி இல்லை, வருத்தம்" என்று அவள் ஒருநாளாவது சொல்லியிருக்கலாம். ஆனால் 35 ஆண்டுகள் தனியாக இருந்தவளிடம் இதை எதிர்பார்ப்பதும் எனக்குக் கொடுமையாகத்தான் படுகிறது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாமா திண்ணையில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

"உங்களை வச்சு ஒரு கதை எழுதினேன் மாமா. அது தப்பாப் போச்சு" என்றேன்.

"அத்தை வர்றாளா அதுல?" என்று கேட்டார்.

பிணமாக மட்டுந்தான் வருகிறாள் என்று நான் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். எப்போதும் போலத்தான் இருந்தது.