திரை சொல்லும் எண்

சிறிய மில்லிங் மெஷின் ஒன்றைக் கணினியோடு இணைத்து முதல்முறை ஓடவிடுகிறவரை மயக்குவது திரையில் ஓடும் எண்கள்தாம். மேசை நின்றதும் எக்ஸ் 10.000 என்று மூன்று தசம இடங்களோடு நிற்கும். ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை கணக்குச் சொல்கிற ஒன்றை நம்பாமல் இருப்பது கஷ்டம்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது? வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் இருப்பது ஸ்டெப்பர் மோட்டார். ஒரு சுற்றுக்கு 200 படி. டிரைவர் ஒவ்வொரு படியையும் எட்டாகப் பிரித்தால் 1600. சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் ஸ்க்ரூ என்றால், மில்லிமீட்டருக்கு 320 துடிப்பு. நார்வேக்காரரான சிமென் ஸ்வாலே ஸ்கோக்சேத் 2009-இல் தொடங்கிய ‘கிரபில்’ என்ற இலவச மென்பொருளில், $100 என்ற வரிக்கு எதிரே இந்த 320-ஐ எழுதுகிறோம். 32 கிலோபைட் நினைவகம் கொண்ட அர்டுயினோ பலகைக்குள் அது முழுவதும் அடங்கிவிடுகிறது. கெட்டிக்கார நிரல், சந்தேகமில்லை. ‘10 மி.மீ. போ’ என்றால் 3200 துடிப்பை அனுப்பும். அனுப்பி முடித்ததும் 10.000 என்று காட்டும். மேசை நகர்ந்ததா என்று அது பார்ப்பதில்லை. கட்டர் சிக்கி மோட்டார் நாலு படியைத் தவறவிட்டாலும் திரையில் அதே எண்தான். போட்ட அரசாணைகளை எண்ணி, முடித்த பணிகள் என்று அறிக்கை கொடுக்கிற அலுவலகம் மாதிரி.

ஆக, மெஷினை ‘டியூன்’ செய்வது என்கிற வேலை, உத்தரவுக்கும் நடப்புக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று கேட்பதில்தான் தொடங்குகிறது. கேட்பதற்கு ஒரு டயல் கேஜ் போதும். அதன் முள்ளை மேசை ஓரத்தில் முட்டக் கொடுத்து, மேசையை ஒரு பக்கம் ஓட்டிவிட்டு, திசையை மாற்றி 10 மி.மீ. போகச் சொல்லுங்கள். திரையில் எண் ஓடத் தொடங்கும். முள் சற்று நேரம் அசையாது. ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவே உள்ள ‘ப்ளே’யைத் தின்று தீர்த்த பிறகுதான் மேசை கிளம்பும். கடைசியில் கேஜ் 9.92 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

இந்த இடத்தில் பலர் செய்கிற வைத்தியம் ஒன்று உண்டு. 10-ஐ 9.92-ஆல் வகுத்து, 320-ஐ 322.58 ஆக்கிவிடுவார்கள். மறுபடி சோதித்தால் கேஜ் கிட்டத்தட்ட 10 காட்டும், திருப்தியாக இருக்கும். ஆனால் அந்த 0.08 தூரத்தோடு வளர்கிற பிழை அல்ல. திசை மாறும்போது ஒரே ஒரு தடவை தலைகாட்டுகிற பிழை. பழைய எண்ணோடு 100 மி.மீ. ஓட்டியிருந்தால் குறைவது அதே 0.08 மட்டும். ‘திருத்திய’ பிறகு அதே 100-இல் 0.73 கூடிப் போகும். எவ்வளவு பிழை என்று அளந்தவர்கள், எந்த ஜாதிப் பிழை என்று பார்க்கவில்லை. எண் கைக்கு வந்ததும் யோசனையை நிறுத்திவிடத் தோன்றுவதுதான் அளவையில் உள்ள ஆபத்து.

கைப்பிடி சுற்றுகிற டர்னருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. டயலில் கோட்டைத் தாண்டிவிட்டால் அவர் அங்கிருந்தே திருப்பிக் கோட்டில் நிறுத்த மாட்டார். நன்றாகப் பின்னுக்குக் கொண்டுபோய், மறுபடி அதே பக்கத்திலிருந்து வந்து நிறுத்துவார். ப்ளே எவ்வளவு என்று கேட்டால் எண் சொல்வாரோ என்னவோ, மணிக்கட்டுக்குத் தெரியும். கணினிக்கு மணிக்கட்டு இல்லாததால் நாம் எழுதித் தர வேண்டியிருக்கிறது. லினக்ஸ்சிஎன்சி என்ற இன்னொரு இலவச மென்பொருளின் அமைப்புக் கோப்பில் ‘பேக்லாஷ்’ என்றே ஒரு வரி உண்டு. அங்கே 0.08 என்று எழுதினால், திசை மாறும்போதெல்லாம் அந்த அளவை அது கூடுதலாகச் சுற்றிக்கொள்ளும்.

அதோடு பிரச்சினை முடிந்ததா? கட்டரின் பல், மேசை போகிற திசையிலேயே வேலைத்துண்டை இழுக்கும்படி வெட்டிப் பாருங்கள். க்ளைம்ப் மில்லிங் என்பார்கள். பல் மாட்டியதும் மேசை அந்த 0.08-ஐ ஒரே வெட்டில் தாவிவிடும். திருத்தம் கணக்கில்தானே நடந்தது, ஸ்க்ரூவிலும் நட்டிலும் இடைவெளி அப்படியேதான் இருக்கிறது. நட்டை மாற்றுவதுதான் அதற்கு மருந்து.

பார்க்கக் கண் இல்லாததுதானே கோளாறு, கண் வைத்துவிடலாமே என்பது அடுத்த யோசனை. மோட்டார் தண்டில், அது சுற்றுவதை எண்ணிச் சொல்லும் என்கோடர் பொருத்துகிறோம். லினக்ஸ்சிஎன்சி-யில் இதற்கு வழி உண்டு. 1990-களில் அமெரிக்க அரசின் நிஸ்ட் ஆய்வகத்தில் உருவான நிரல் அதன் மூலம். அரசு ஊழியர் பணியில் எழுதியதற்கு அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது. அதனால் அது பொதுச்சொத்தாகி ஆர்வலர்கள் கைக்கு வந்தது. வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு மில்லிசெகண்டுக்கும் ஒருமுறை அது ‘போகச் சொன்னது எவ்வளவு, போனது எவ்வளவு’ என்று பார்க்கும். வித்தியாசம் நாம் எழுதிக்கொடுத்த வரம்பைத் தாண்டினால் ‘ஃபாலோயிங் எரர்’ என்று நின்றுவிடும். எரிச்சலாகத்தான் இருக்கும். கோப்பைத் திறந்து வரம்பைப் பத்து மடங்கு ஆக்கினால் மெஷின் வாயை மூடிக்கொண்டு ஓடும். அப்படிச் செய்கிறவர்களும் உண்டு. கோப்பு திறந்து கிடப்பதால் எந்தச் சுதந்திரம் கிடைக்கிறதோ, அதேதான் இந்தச் சுதந்திரமும்.

என்கோடரும் மோட்டார் தண்டைத்தான் பார்க்கிறது. ஸ்க்ரூவின் ப்ளே அதன் பார்வைக்கு அப்பால். சரி, மேசையிலேயே கண்ணாடி அளவுகோல் பொருத்தலாம். அது மேசையைப் பார்க்கும். வெட்டும் விசையில் வளைகிற கட்டரைப் பார்க்காது, ஸ்பிண்டில் சூடேறி நீள்வதையும் பார்க்காது. ஒவ்வொரு கண்ணும் தான் நிற்கும் இடம் வரைக்கும்தான் சாட்சி. அதற்கு அப்பால் இருப்பதை அனுமானித்துவிட்டு, கண்டது போலவே மூன்று தசமத்தில் சொல்கிறது. எந்தச் சாட்சி எதுவரை பார்த்தது என்று தெரிந்தவருக்குத்தான் அந்த எண்ணால் பயன். தெரியாதவருக்கு விலை உயர்ந்த கண்ணும் 10.000 என்ற பழைய மயக்கத்தையே திருப்பித் தரும்.

அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் கடைசியில் வேலைத்துண்டிடமே போகிறார்கள். அலுமினியத் துண்டில் 6 மி.மீ. கட்டரால் ஒரு பள்ளம் வெட்டி, அகலத்தை அளப்பார்கள். 6.04 வரும். கட்டரை மைக்ரோமீட்டரில் வைத்தால் சரியாக 6.00 தான் இருக்கும். கட்டரைப் பிடித்திருக்கும் காலெட்டில் அது கொஞ்சம் விலகிச் சுற்றுவதால் பள்ளம் அகன்றிருக்கிறது. கட்டர்களின் அளவைக் கணினிக்குச் சொல்லும் டூல் டேபிளில், விட்டம் என்ற கட்டத்தில் அவர்கள் எழுதுவது 6.04. கட்டரைப் பொறுத்தவரை பொய்யான எண். இந்த மெஷினில், இந்தக் காலெட்டில், இந்த வெட்டுக்கு அதுதான் உண்மை. கட்டரின் விட்டத்துக்கு ஏற்பப் பாதையைத் தள்ளிவைக்கும் ஜி41 கட்டளையைப் போட்டு ஓரம் வெட்டும்போது கணினி அந்த எண்ணை வைத்துத்தான் பாதையை ஒதுக்கும். கட்டரைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் அந்த 6.04-ஐ அழித்துவிட்டு, மறுபடி ஒரு பள்ளம் வெட்டி அளக்க வேண்டும்.